அக்கரைச் சீமையில் நம்மவர் வளர்த்த நட்பு – ஒரு வரலாற்றுப் பார்வை

 

வெள்ளாற்றின் தென்கரையில் அமைந்த லெப்பைக்குடிகாடானாலும், வ.களத்தூரானாலும், அரியலூர், ஜெயங்கொண்டம் பகுதிகளின் சிறு மஹல்லாக்களானாலும், சபராளி ஒருவரேனும் இல்லாத தெருவைக் காண்பது அரிது. நம் பகுதியின் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் வீடுகளும் அக்கரையில் சிந்தப்பட்ட வியர்வையால் எழுந்தவை என்பதை நாம் அனைவரும் அறிவோம். எவ்வளவு ஈட்டினார்கள், எவ்வளவு அனுப்பினார்கள் என்பதற்குக் கணக்கு உண்டு. ஆனால் அந்நிய நகரில் அவர்கள் யாருடன் பழகினார்கள், அந்நகரத்து மக்களில் யார் அவர்களுக்கு நண்பர்களானார்கள் என்பதற்கு எந்தப் பேரேட்டிலும் கணக்கில்லை. 20 ஆண்டுகள், 30 ஆண்டுகள் ஒரு நகரில் உழைத்துவிட்டு, அந்நகரைச் சேர்ந்த ஒருவரின் பெயரைக்கூட நண்பர் என்று சொல்ல இயலாமல் ஊர் திரும்புவோர் இன்று பலர். நம் முன்னோர் காலத்தில் நிலைமை இவ்வாறு இருந்ததா? இருக்கவில்லை என்பதே வரலாறு தரும் விடை. அந்த வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதீனாவின் முதல் பாடம்

பிறந்த ஊரைவிட்டு வேற்றூர் சென்று வாழ்வது எப்படி என்பதற்கு நமக்குள்ள முதல் முன்மாதிரி ஹிஜ்ரத் ஆகும். கி.பி. 622-இல் மக்காவிலிருந்து மதீனா வந்த முஹாஜிர்களையும், அவர்களை வரவேற்ற அன்சாரிகளையும் நபி (ஸல்) அவர்கள் இருவர் இருவராக இணைத்துச் சகோதரர்களாக்கினார்கள். அவ்வாறு இணைக்கப்பட்டவர்களுள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களும் ஒரு ஜோடியாவர். மதீனத்துச் செல்வரான ஸஅத் (ரலி) தம் உடைமையில் பாதியைத் தர முன்வந்தார்கள். வந்தவரோ அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று வணிகத்தைத் தொடங்கிப் பின்னர் பெருஞ்செல்வரானார்கள்.

இந்நிகழ்ச்சியை நாம் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். வெளிநாடு செல்வோர் இதில் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. உள்ளூர்க்காரர் மனம் திறந்து கொடுக்க முன்வந்தார். வெளியூர்க்காரர் சுமையாக இருக்க விரும்பவில்லை. ஒருவர் கொடுப்பவராகவும் மற்றவர் பெறுபவராகவும் மட்டுமே இருந்தால் அங்கே நன்றி இருக்கும். நட்பு தழைப்பது அரிது. அதே மதீனாவில் இளைஞரான ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள், யூதர்களோடு கடிதப் போக்குவரத்து நடத்துவதற்காக நபி (ஸல்) அவர்களின் பணிப்பின்படி அவர்களுடைய எழுத்தைக் குறுகிய காலத்தில் கற்றுத் தேர்ந்தார்கள். பிறருடன் உறவாட அவர்களின் மொழியைக் கற்கவேண்டும் என்பது அன்றே நமக்குச் சொல்லப்பட்ட பாடமாகும்.

கங்கைகொண்ட சோழபுரமும் கடாரமும்

நம் மண்ணுக்கும் கீழ்த்திசை நாடுகளுக்கும் உள்ள தொடர்பு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய முதலாம் இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்தின் மீது கடற்படையெடுத்தான். கடாரம் என்பது மலேசியாவின் இன்றைய கெடா மாநிலம் என்று வரலாற்றறிஞர் கொள்கின்றனர். ஆனால் அப்படையெடுப்புக்கு இருபது ஆண்டுகளுக்கு முன், அவன் தந்தை இராசராசன் காலத்தில், கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் தானமாக அளிக்கப்பட்டிருந்தது. லெய்டன் செப்பேடுகள் இதனைத் தெரிவிக்கின்றன. அரசர்களின் நட்பு ஒரு தலைமுறையில் பகையாக மாறியது. வணிகர்களோ போருக்குப் பின்னும் சென்று வந்தனர். 1088-ஆம் ஆண்டில் சுமத்ராவின் பாரூஸ் பகுதியில் தமிழ் வணிகக் குழுவினர் பொறித்த கல்வெட்டு இதற்குச் சான்றாக நிற்கிறது.

வந்தவருக்கும் இருந்தவருக்கும் இடையே நிலவிய நம்பிக்கைக்கு இதனினும் பழைய சான்று ஒன்று நம் அண்டை மாநிலத்தில் உள்ளது. 849-இல் கொல்லத்தில் வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் வெளிநாட்டு வணிகர்கள் சாட்சிக் கையொப்பமிட்டுள்ளனர். ஓர் ஊரின் கொடைப் பத்திரத்தில் சாட்சியாக நிற்குமளவுக்கு அவர்கள் அவ்வூர் மக்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்தார்கள். நம் கரைக்கு வந்த அரபு வணிகர் இவ்வாறு ஏற்கப்பட்டதன் தொடர்ச்சியாகவே தமிழ் முஸ்லிம் சமுதாயம் வேரூன்றியது என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

வெள்ளாறு சேரும் துறையிலிருந்து பினாங்கு வரை

சேலம் மாவட்ட மலைகளில் தோன்றும் வெள்ளாறு, நம் பகுதியைக் கடந்து, திட்டக்குடி, பெண்ணாடம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சென்று பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அந்தப் பரங்கிப்பேட்டையிலிருந்து பினாங்கு சென்றவர் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடும் பெருவணிகர் காதர் முகைதீன் மரைக்காயர் ஆவார்.

கெடா சுல்தானின் ஆளுகையிலிருந்த பினாங்குத் தீவில் 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் குடியேற்றத்தைத் தொடங்கினார். எட்டே ஆண்டுகளில், 1794-இல், அவர் எழுதிய குறிப்பொன்றில், சோழமண்டலக் கரையைச் சேர்ந்த சூலியர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கே நிலையாகக் குடியிருப்பதையும், ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பல்களில் வந்து, உழைத்துச் சிறிது பொருள் சேர்த்து ஊர் திரும்ப, அவர்களின் இடத்திற்கு வேறு சிலர் வருவதையும் தெரிவித்துள்ளார். விசா என்ற சொல் புழக்கத்திற்கு வருமுன்பே நம்மவரின் போக்குவரத்து இன்றுபோலவே இருந்திருக்கிறது.

கம்பெனி அரசு காதர் முகைதீனைத் தமிழ் முஸ்லிம்களின் தலைவராக, அதாவது கப்பித்தானாக, ஏற்றுக்கொண்டது. 1801-இல் பள்ளிவாசலுக்கு நிலம் வழங்கப்பட்டது. அதுவே இன்று புகழ்பெற்று விளங்கும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலாகும். அது அமைந்துள்ள சாலையிலும் அதனையொட்டிய தெருக்களிலும் ஆங்கிலேயரின் தேவாலயம், சீனரின் கோயில், இந்துக்களின் மாரியம்மன் கோயில், மலாய்க்காரரும் அரபியரும் தொழும் ஆச்சே தெருப் பள்ளி ஆகியவை ஒன்றுக்கொன்று நடந்துசெல்லும் தூரத்தில் உள்ளன. வேறு வழியின்றி அண்டை வீட்டாரானவர்கள், அன்றாட வணிகத்தில் ஒருவரையொருவர் அறியலானார்கள். 2008-இல் ஜார்ஜ் டவுன் நகரம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது, இவ்வாறு பல இனத்தவர் கூடி வாழ்ந்த தன்மையும் அதற்கொரு காரணமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

மொழியே முதல் திறவுகோல்

மலாய்நாட்டில் நம்மவர் பெற்ற நட்பின் முதல் திறவுகோல் மொழியாகும். துறைமுகங்களில் வழங்கிய கடைத்தெரு மலாய் மொழியைச் சில மாதங்களில் பேசக் கற்றுக்கொள்வது அன்றைய சபராளியின் முதல் வேலையாக இருந்தது. மலாய் பேசினால்தான் மலாய்க்காரரோடு மட்டுமின்றிச் சீனரோடும் சாவகரோடும் வணிகம் செய்யமுடியும்.

இதன் பயனை மலாய் மொழியிலேயே காணலாம். கடை அங்கே 'கெடாய்' ஆயிற்று. கப்பல் 'காப்பால்' ஆயிற்று. வணிகத்தின் முதல் 'மோடால்' ஆயிற்று. பெட்டி, கட்டில், மீசை, காவல் என்னும் சொற்களும் சிறு மாற்றத்தோடு மலாயில் வழங்குகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை கடையிலும் வீட்டிலும் புழங்கும் சொற்கள். அடுத்தவரின் மொழியில் கட்டிலும் பெட்டியும் இடம்பெறவேண்டுமானால், அவர்களின் வீட்டு வாசல்வரை பழக்கம் சென்றிருக்கவேண்டும் அல்லவா?

நம் பகுதி மக்கள் அறியவேண்டிய சொல் இன்னொன்றும் உண்டு. மலாய் மொழியில் மார்க்கப் பற்றுடையவரை, கிராமத்துப் பள்ளியில் ஓதிக்கொடுப்பவரை, 'லெபாய்' என்று அழைப்பர். இது நமது 'லெப்பை' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று மொழியறிஞர் கருதுகின்றனர். 'லெபாய் மாலாங்' என்ற, துரதிர்ஷ்டசாலியான லெபாய் ஒருவரைப் பற்றிய நகைச்சுவைக் கதை மலாய்க் குழந்தைகளெல்லாம் அறிந்தது. வந்தவரின் பட்டப்பெயரைத் தம் கிராமத்து ஓதுவிப்பவருக்கே சூட்டி, அவரைக் கதாநாயகனாக்கிச் சிரிக்கவும் செய்தார்கள் என்றால், அவரை வேற்றாளாக எண்ணவில்லை என்பதே பொருள்.

மலாக்காவில் 1796-இல், தமிழ், அரபு மரபுகள் கலந்த குடும்பத்தில் பிறந்த முன்ஷி அப்துல்லாஹ், நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படுகிறார். மலாக்காவின் வணிகக் கணக்குகளில் தமிழ் வழங்கியதால் இளமையில் அவருக்குத் தமிழும் கற்பிக்கப்பட்டது. ராபிள்சுக்கு எழுத்தராகப் பணியாற்றியவர். பாதிரிமார்களுக்கும் படைவீரர்களுக்கும் மலாய் கற்பித்தவர். அதனாலேயே முன்ஷி என்ற பெயர் நிலைத்தது. தம் வாழ்வை அவர் எழுதிய 'ஹிகாயத் அப்துல்லாஹ்' 1849-இல் அச்சேறியது. அதுபோல, மலாய் மொழியின் முதல் செய்தித்தாளாகிய 'ஜாவி பெரானாக்கான்' 1876-இல் சிங்கப்பூரில் வெளிவந்தது. தமிழ் முஸ்லிம் தந்தையருக்கும் மலாய்த் தாயருக்கும் பிறந்த வழித்தோன்றல்களே ஜாவி பெரானாக்கான் எனப்பட்டனர். வேற்றுநாட்டிலிருந்து சென்றவர்களின் பிள்ளைகள் அந்நாட்டு மக்களுக்கு முதல் செய்தித்தாளைக் கொடுத்தார்கள் என்பது எண்ணி மகிழத்தக்கது.

பொதுப்பணியில் தோளோடு தோள்

இரண்டாவது திறவுகோல் பொதுப்பணி. 1819-இல் தோன்றிய புதிய சிங்கப்பூரில், 1826-இல் சூலியர் பள்ளி எனப்படும் ஜாமிஆப் பள்ளியும், 1827-இல் தெலோக் ஆயர் தெருவில் ஒரு குடிசைப் பள்ளியும் எழுந்தன. பின்னது இன்று மஸ்ஜித் அல்-அப்ரார் எனப்படுகிறது. நம்மவர் அதற்கு இட்ட பெயர் குச்சுப் பள்ளி. அதே தெருவில் நாகூர் தர்காவும் சீனரின் தியான் ஹாக் கெங் கோயிலும் உள்ளன. ஜாமிஆப் பள்ளிக்கு அருகிலேயே மாரியம்மன் கோயில் உள்ளது. கடல் கடந்து உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் அவரவர் முறையில் நன்றி செலுத்திய தெருக்கள் அவை.

ஆயினும் தமக்கென்று பள்ளி கட்டிக்கொண்டதோடு நம்மவர் நின்றுவிடவில்லை. சிங்கப்பூரின் புகழ்பெற்ற சுல்தான் பள்ளியின் நிர்வாகம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆறு சமூகத்தவரின் கூட்டுப்பொறுப்பாக அமைக்கப்பட்டது. மலாய்க்காரர், அரபியர், சாவகர், புகீசர், வட இந்தியர், தமிழர் என ஒவ்வொரு பிரிவிலிருந்தும் சம அளவில் அறங்காவலர்கள் இடம்பெற்றனர். 1932-இல் நிறைவுற்ற அப்பள்ளியின் பொற்குவிமாடத்தின் அடிப்பகுதியில், ஏழைகள் நன்கொடையாக அளித்த கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. செல்வரின் பொருளும் ஏழையின் புட்டியும் ஒரே குவிமாடத்தில் இடம்பெற்றன. ஒரே கமிட்டியில் அமர்ந்து கணக்குப் பார்ப்பவர்களுக்குள் வாக்குவாதம் வராமல் இராது. எனினும் அடுத்த கூட்டத்திற்கும் ஒன்றாகவே வந்து அமரவேண்டும். அந்த நெருக்கமே காலப்போக்கில் நட்பாகிறது. ஜமாஅத் நிர்வாகம் அறிந்த நமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

நோன்புக் கஞ்சியும் காவடிச் சோறும்

மூன்றாவது திறவுகோல் உணவு. பினாங்குத் துறைமுகத்தில் தோளில் காவடி சுமந்து, ஒருபுறம் சோற்றுப்பானையும் மறுபுறம் குழம்புச் சட்டிகளுமாகத் தெருத்தெருவாக விற்றுச் சென்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். காவடித் தண்டைக் குறிக்கும் 'கந்தார்' என்ற சொல்லால் அச்சோறு 'நாசி கந்தார்' எனப்பட்டது. துறைமுகத் தொழிலாளிகளின் பசியைத் தீர்த்த அவ்வுணவு இன்று மலேசியாவின் அடையாளங்களுள் ஒன்றாகிவிட்டது. நம்மவர் நடத்தும் உணவகத்தை மலேசிய மக்கள் இனவேறுபாடின்றி 'மாமாக் கடை' என்கின்றனர். மாமா என்ற நமது முறைப்பெயரே அது. விற்பவரை முறைவைத்து அழைக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியிருப்பதை இது காட்டுகிறது. சில வேளைகளில் அச்சொல் இகழ்ச்சியாகவும் ஆளப்படுவதுண்டு என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

ரமலான் மாதத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளியிலும் சிங்கப்பூர் ஜாமிஆப் பள்ளியிலும் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சிக்காக மலாய்க்காரர்களும் பாத்திரத்தோடு வந்து நிற்பதை அங்கு சென்றவர்கள் கண்டிருப்பார்கள். துபாய் தேராப் பகுதியிலும் தமிழ் அமைப்பினர் பல்லாண்டுகளாகப் பள்ளிவாசலில் கஞ்சி வழங்கி வருகின்றனர். வங்காளத்தவர், பாகிஸ்தானியர், ஆப்பிரிக்கர் எனப் பல நாட்டவர் ஒரே விரிப்பில் அமர்ந்து நோன்பு திறக்கின்றனர். ஒரு கோப்பைக் கஞ்சி அறிமுகத்திற்குப் போதும். அறிமுகம் நட்பாக வளர்வது, மறுநாள் பெயரைக் கேட்டு விசாரிப்பதில் இருக்கிறது.

வரலாற்றின் மறுபக்கம்

நட்பின் நன்மையை மட்டும் எழுதினால் வரலாறு முழுமை பெறாது.

1867 ஆகஸ்டில் பினாங்கில் பத்து நாட்கள் பெருங்கலவரம் நடந்தது. சீன இரகசியக் குழுக்கள் இரண்டு மோதிக்கொண்டபோது, முஸ்லிம்களின் வெள்ளைக்கொடிக் குழு ஒரு சீனக் குழுவோடும், செங்கொடிக் குழு மற்றொரு சீனக் குழுவோடும் கைகோத்து நின்றன. இன வேற்றுமை கடந்த கூட்டு என்றாலும், கலிமாச் சொன்னவர்களே இருபுறமும் நின்று மோதினார்கள். யாரோடு சேருகிறோம் என்பதுபோல எதற்காகச் சேருகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதற்கு இது எச்சரிக்கையாகும்.

அக்கரையில் குடும்பம் அமைத்துக்கொண்ட சிலர் இக்கரையில் மனைவி மக்களை மறந்த கதைகளும் தமிழகத்துக் கடலோர ஊர்களிலும் நம் ஊர்களிலும் உண்டு. கடிதம் வருமென்று தபால்காரரை எதிர்நோக்கியே முதுமை எய்திய பெண்களின் கண்ணீர், சபர் வரலாற்றில் எழுதப்படாத பக்கமாகும். அங்கு புது உறவு தேடியவர், இங்குள்ள அமானிதத்தைக் கைவிட்டால் அதனை நட்பின் கணக்கில் சேர்க்க இயலாது.

இவற்றினும் பெரிய பாடம் பர்மாவில் உள்ளது. 1931-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இரங்கூன் நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். எண்ணிக்கை மிகுந்ததால் தமக்குள்ளேயே வாழ்ந்துகொள்ள முடிந்தது. பர்மியருக்கோ தம் தலைநகரிலேயே தாம் சிறுபான்மையாகிவிட்ட உணர்வு ஏற்பட்டது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலங்கள் வட்டித் தொழில் செய்தோர் கைக்குச் சென்றன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களின் உடைமையான நிலம், 1930-இல் 6 விழுக்காடாக இருந்தது, 1938-க்குள் 25 விழுக்காடாயிற்று. 1930-இலும் 1938-இலும் கலவரங்கள் மூண்டன. 1938-இல் முஸ்லிம்களே பெரிதும் தாக்கப்பட்டனர். 1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் பர்மாவைவிட்டு வெளியேறினர். காட்டு வழியில் மாண்டோர் பல்லாயிரவர். 1964-இல் கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டபின் எஞ்சியோரிலும் பெருந்தொகையினர் வெறுங்கையோடு திரும்பினர். சென்னையின் பர்மா பஜார் அந்நாளின் நினைவாக நிற்கிறது. தனிமனிதர் நல்லவராகப் பழகினாலும், ஒரு சமூகம் மற்றொரு சமூகத்தின்மேல் சுமையாக அமர்ந்துவிட்டால் தனிமனித நட்பு அதனைத் தாங்கி நிற்க இயலாது என்பதே பர்மா நமக்குச் சொல்லும் பாடம்.

வளைகுடாவில் நம் நிலை

1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் எனச் சென்றுவந்த 'ரஜூலா' கப்பலின் காலம் முடிவுற்ற அதே ஆண்டில்தான் எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடாவின் வாசல் அகலத் திறந்தது. மலாய்நாட்டைவிட்டு நம்மவர் பார்வை துபாய், சவூதி, குவைத், கத்தார் என்று திரும்பியது.

அங்கே சூழ்நிலை முற்றிலும் வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தில் உள்நாட்டுக் குடிமக்கள் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கு அளவினரே. ஒரே அறையில் எட்டுப்பேர், ஒரே வேலையிடம், வெள்ளிக்கிழமையன்று ஊர்க்காரர்களோடு சந்திப்பு என்றே ஆண்டுகள் கழிகின்றன. கஃபீல் முறையும் விசாக் காலமும் 'நீ வந்து போகிறவன்' என்பதை நாள்தோறும் நினைவூட்டுகின்றன. நண்பர்கள் அமையாததற்கு நம்மவரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது.

எனினும் வாசல் முழுவதும் அடைபட்டிருக்கவில்லை. எண்ணெய்க்கு முந்திய வளைகுடா, பம்பாயோடு முத்தும் பேரீச்சம்பழமும் துணியும் அரிசியும் பரிமாறி வாழ்ந்த நாடு. இந்திய ரூபாயே அங்கு நாணயமாக வழங்கியது. பின்னர் 1959 முதல் ரிசர்வ் வங்கி தனியே வெளியிட்ட வளைகுடா ரூபாய், துபாயிலும் கத்தாரிலும் 1966 வரை புழக்கத்திலிருந்தது. நேராகச் செல்வதற்கு 'சீதா' என்றும் காலணிக்கு 'ஜூத்தி' என்றும் வளைகுடா அரபியர் இன்றும் சொல்கின்றனர். இவை இந்துஸ்தானிச் சொற்கள். முதிய அரபியர் பலர் இந்துஸ்தானி பேசுவதைக் கேட்டு நம்மவர் வியந்ததுண்டு. பழக்கத்தின் அடித்தளம் அங்கே முன்பே இடப்பட்டிருக்கிறது.

நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. குர்ஆனை ஓதத் தெரிந்தவர்கள் நாம். அரபு எழுத்து நமக்கு அந்நியமன்று. ஆனால் ஓதத் தெரிந்த அளவுக்குப் பேசத் தெரியவில்லை. சபாக் கடந்ததும் ஸஃப்பில் பக்கத்தில் நின்ற அரபியரிடம் ஸலாமோடு நின்றுவிடாமல், உடல்நலமும் குடும்ப நலமும் கேட்குமளவு மொழி தெரிந்திருந்தால், முதலாளி தொழிலாளி என்ற சுவருக்கு அப்பால் மனிதனை மனிதன் காண வழி பிறக்கும். சம்பளம் நின்றுபோகும்போது, விபத்து நேரும்போது, ஒரு மையித்தை ஊருக்கு அனுப்பவோ அங்கேயே அடக்கம் செய்யவோ காகிதங்களுக்காக அலையும்போது, அலுவலகத்தில் நமக்காக ஒரு சொல் பேசவல்ல உள்ளூர் நண்பரின் அருமை தெரியும். ஆனால் அந்த உதவியைக் கருதிமட்டும் தேடப்படுவது நட்பாகாது. கடைத்தெருவுக்கு வழி கேட்ட ஸஹாபியின் முன்மாதிரியை இங்கே நினைவுகூரவேண்டும்.

இன்று நாமே உள்ளூர்வாசிகள்

ஜமாஅத்தார்களே! காலம் ஒரு சுற்றுச் சுற்றிவந்துள்ளது. அரியலூரின் சிமெண்ட் ஆலைகளிலும், பெரம்பலூர்ப் பகுதியின் தொழிற்சாலைகளிலும், கட்டட வேலைகளிலும், உணவகங்களிலும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்காளம், அஸ்ஸாம் மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் உழைக்கின்றனர். தேராவில் நம் பிள்ளைகள் வாழ்வதுபோலவே இங்கே ஓர் அறையில் பலராக வாழ்கின்றனர். ஊருக்குப் பணம் அனுப்புகின்றனர். தாயோடு தொலைபேசியில் பேசும்போது மட்டும் முகம் மலர்கின்றனர். அவர்களுள் முஸ்லிம்கள் ஜும்ஆவுக்கு நம் பள்ளிக்கு வருகின்றனர்; கடைசி ஸஃப்பில் நின்று தொழுதுவிட்டு எவரிடமும் பேசாமல் செல்கின்றனர். மாற்றுச் சமயத்தவரோ நம் கடைத்தெருவில் விரலால் பொருளைக் காட்டி வாங்கிச் செல்கின்றனர்.

அவர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அக்கரையில் நம் பிள்ளையை ஓர் அரபியோ மலாய்க்காரரோ பெயர் சொல்லி அழைத்துத் தேநீர் வாங்கிக்கொடுத்தார் என்று கேட்டால் நம் உள்ளம் குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சி பீகாரிலுள்ள ஒரு தாய்க்கும் உரியதன்றோ? நம் முன்னோரை மலாக்காவும் பினாங்கும் ஏற்றதுபோல, நம் ஊருக்கு வந்தோரை நாம் ஏற்கிறோமா என்ற கேள்விக்கு இந்தத் தலைமுறை விடைசொல்லியாகவேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

வரலாற்றைப் படித்து மகிழ்வதோடு நிற்காமல், நம் ஜமாஅத் அளவில் செய்யக்கூடிய சில பணிகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, வெளிநாடு செல்ல இருக்கும் இளைஞர்களுக்கு அவர்கள் செல்லும் நாட்டின் பேச்சுமொழியை மூன்று மாதமேனும் கற்பிக்க ஏற்பாடு வேண்டும். ஊர் திரும்பிய சபராளிகளே இதற்குத் தகுந்த ஆசிரியர்கள். அரபும் மலாயும் சரளமாகப் பேசவல்ல பெரியவர்கள் அஸருக்குப்பின் பள்ளித் திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களின் அறிவு வீணாகக்கூடாது.

இரண்டாவது, அப்பெரியவர்களின் நினைவுகளை எழுதி வைக்கவேண்டும். எந்தக் கப்பலில் சென்றார்கள், எந்தத் தெருவில் தங்கினார்கள், யார் கைகொடுத்தார்கள் என்பன அவர்கள் மௌத்தானபின் கிடைக்கமாட்டா. பழைய கடிதங்களையும் படங்களையும் பாஸ்போர்ட்டுகளையும் குடும்பத்தார் பாதுகாக்கவேண்டும்.

மூன்றாவது, நம் பள்ளிக்கு வரும் வடமாநிலச் சகோதரர்களுக்கு ரமலானில் கஞ்சிக் கோப்பையோடு ஓர் இருக்கையும் தரவேண்டும். பெயரும் ஊரும் கேட்டறியவேண்டும். நோயுற்றால் மருத்துவமனைக்கு உடன்செல்லவும், கூலி கிடைக்காவிட்டால் உரிய இடத்தில் பேசவும் தொண்டர்கள் சிலரை நியமிக்கலாம். இப்பணியில் சமய வேறுபாடு பார்க்கத் தேவையில்லை. நம்மைக் கரைசேர்த்த அக்கரை நண்பர்கள் எல்லோரும் முஸ்லிம்களாக இருந்ததில்லை.

பொருள் தேடிச் சென்ற நம் முன்னோர் பொருளோடு மனிதரையும் தேடிக்கொண்டார்கள். அவர்கள் ஈட்டிய பொருளில் பெரும்பகுதி செலவாகிவிட்டது. அவர்கள் விட்டுவந்த பள்ளிகளும் சொற்களும் உணவும் அங்குள்ள மக்களின் வாழ்வில் இன்றும் இருக்கின்றன. அக்கரையில் உழைக்கும் நம் பிள்ளைகளுக்கு நல்ல நண்பர்களையும், நம் ஊரை நாடி வந்தோருக்கு நம்மிடம் நல்ல அண்டை வீட்டாரையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.